கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பு: கட்டுப்படுத்துவோர் யாவர்?

விஞ்ஞானம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுட் பெரும்பாலானவை வியப்புக்குறியுடன் முடிவடைகின்றன. புதிய கருவியொன்று, புதிய மருந்தொன்று, புதிய பொருளொன்று அறிமுகஞ் செய்யப்படுகின்றது. அதன் ஆற்றல்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. நாளைய உலகம் நோயற்ற உலகமாகும் என்ற நம்பிக்கையை ஊட்டிவிட்டு எழுத்தாளர் விடைபெறுகின்றார். இக்கட்டுரைகளின் வாக்கிய அமைப்பை நோக்குமிடத்து ஒரு பொதுப்பண்பு புலனாகும். 'கண்டுபிடிக்கப்பட்டது', 'உருவாக்கப்பட்டது', 'பயன்படுத்தப்படுகின்றது' எனச் செயப்பாட்டுவினைகளே அவற்றில் ஆட்சி செய்கின்றன. கண்டுபிடித்தவர் யார், யாருடைய பணத்தில், எவருடைய தேவைக்காக, என்ன விலைக்கு என்னும் வினாக்களுக்கு அவ்வாக்கியங்களில் இடமில்லை. செய்தவன் மறைந்த வாக்கியத்தில் அவனது பொறுப்பும் மறைந்துவிடுகின்றது.

மருந்தியலிற் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செல்வாக்குப் பெற்றுவரும் 'கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பு' என்னும் கலைச்சொல் இதற்குத் தக்க உதாரணமாகும். மருந்து ஒரேயடியாக உடலிற் கரைந்துவிடாது, திட்டமிட்ட வேகத்தில், திட்டமிட்ட காலத்திற்கு வெளிப்படுமாறு செய்யும் முறையையே இத்தொடர் குறிக்கின்றது. கட்டுப்படுத்தப்பட்டது என்றால் கட்டுப்படுத்தியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் யார்? இரசாயனவியலாளரை வினவினால் பல்பகுதியத்தைக் காட்டுவார். வைத்தியர் தமது மருந்துச்சீட்டைக் காட்டுவார். இவ்விரு விடைகளும் உண்மையே. ஆனால் முழுமையானவை அல்ல. ஐதரோஜெல்லினுள் அடைபட்ட மருந்து எவ்வேகத்தில் வெளிவரும் என்பதை இரசாயனம் தீர்மானிக்கின்றது. அம்மருந்து எவருடைய உடலைச் சென்றடையும் என்பதைச் சொத்துரிமை தீர்மானிக்கின்றது. முதலாவதை விரித்துரைத்து இரண்டாவதை விழுங்கிவிடும் எழுத்து விஞ்ஞான எழுத்தாகாது. அது மருந்துக் கம்பனியின் விளம்பரத்திற்கு எழுதப்பட்ட பின்னிணைப்பேயாகும்.

1

முதலிற் பொருளைத் தெளிவுபடுத்துதல் அவசியம். நீரை விரும்பும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் வலையமைப்பே ஐதரோஜெல் எனப்படும். இவ்வலை நீரைப் பெருமளவில் உறிஞ்சி வீங்கும். ஆயின் பிணைப்புகள் நிலைத்திருக்கும்வரை கரைந்துபோகாது. வீங்கிய வலையின் கண்களினூடாக மருந்து மூலக்கூறுகள் மெல்லமெல்லப் பரவி வெளியேறும். வலையின் கண்கள் நெருக்கமானால் வேகம் குறையும். ஐதானால் வேகம் கூடும். சிலவகை ஜெல்கள் வெப்பநிலைக்கேற்பவும் அமிலத்தன்மைக்கேற்பவும் வீங்கிச் சுருங்கவல்லன.

இதில் அந்நியமானது எதுவுமில்லை. சர்பத்தில் இடப்படும் கசகசா விதை நீரில் ஊறியதும் தன்னைச் சுற்றி வழுவழுப்பான உறையொன்றை அமைத்துக்கொள்வதை அறியாதார் இலர். இன்று உலகெங்கும் விழுங்கப்படும் நீடித்த விடுவிப்புக் குளிசைகளுட் பல இதே முறையிலேயே இயங்குகின்றன. மரக்கூழிலோ பஞ்சிலோ உள்ள செலுலோசை இரசாயன முறையில் மாற்றிப் பெறப்படும் ஐதரொட்சிபுரொப்பைல் மீதைல் செலுலோசு என்னும் தூளுடன் மருந்தைக் கலந்து அழுத்திக் குளிசையாக்குவர். இரைப்பை நீர் பட்டவுடன் குளிசையின் வெளிப்புறம் ஜெல்லாகின்றது. அந்த ஜெல்லைக் கடந்தே மருந்து வெளியேற வேண்டியிருக்கின்றது. இத்தகைய குளிசைக்கு அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது 1962இல். அக்காப்புரிமை காலாவதியாகிப் பல தசாப்தங்கள் கழிந்துவிட்டன. களிம்பொன்றிலிருந்து வெளிப்படும் மருந்தின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்திற்கு விகிதசமமாகும் என்பதைத் தக்கெரு ஹிகுச்சி 1961இல் ஒரு சமன்பாடாக வெளியிட்டார். அதுவும் அதன் வழிவந்தவையும் இன்று மருந்தாக்கவியல் மாணவரின் பாடப்பொருள்கள். சமன்பாட்டுக்கு எவரும் வாடகை செலுத்துவதில்லை.

மெதுவான விடுவிப்பின் பயன் மறுக்கற்பாலதன்று. நாளுக்கு மூன்றுமுறை விழுங்கப்படும் சாதாரணக் குளிசை இரத்தத்தில் மருந்தின் செறிவை அலைபோல் ஏற்றி இறக்குகின்றது. அலையின் உச்சியிற் பக்கவிளைவும் பள்ளத்திற் பயனின்மையும் நேரலாம். அவ்வலையைச் சமப்படுத்துவது நோயாளிக்கு நன்மை. வேலைத்தளத்தில் வேளைக்கு மருந்தெடுக்க இயலாத தொழிலாளிக்கும், கிளினிக்கிற்கு வருவதற்கே ஒருநாட் கூலியை இழக்கும் கமக்காரனுக்கும் அது இருமடங்கு நன்மை. எனவே இக்கட்டுரையின் கண்டனம் ஐதரோஜெல்லின் மீதானதன்று. அதனைச் சூழக் கட்டப்பட்டுள்ள வேலியின் மீதானது.

2

மருத்துவத்திற்கான செயற்கை ஐதரோஜெல்லின் வரலாறு எந்தப் பல்தேசியக் கம்பனியின் ஆய்வுகூடத்திலும் தொடங்கவில்லை. அது செக்கோசிலோவாக்கியாவின் பிராக் நகரிற் தொடங்கியது. ஒட்டோ விக்டெர்லே, திராகோசிலாவ் லிம் ஆகிய இருவரும் உயிரியற் பயன்பாட்டுக்குரிய நீர்விரும்பி ஜெல்கள் பற்றிய தமது ஆய்வை 1960இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். 1958இல் அரசியற் களையெடுப்பொன்றின்போது இரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியினின்று நீக்கப்பட்டவரே விக்டெர்லே. ஜெல்லினால் மென்மையான தொடுவில்லை செய்யலாமென அவர் கூறியபோது அதிகாரிகள் அதிற் பயனில்லையென ஆதரவை நிறுத்தினர். 1961 நத்தார்க் காலத்தில் அவர் தமது வீட்டிலேயே சிறுவர் விளையாட்டு இரும்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு சுழலும் பொறியொன்றை அமைத்து முதல் வில்லைகளை வார்த்தெடுத்தார்.

அடுத்து நடந்ததே கவனிக்கற்பாலது. 1965இற் செக்கோசிலோவாக்கிய விஞ்ஞானக் கழகம் அதன் உரிமத்தை அமெரிக்கக் கம்பனியொன்றுக்கு விற்றது. 1971இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் மென்தொடுவில்லையை அங்கீகரித்தது. பல நூறு கோடி டொலர் பெறுமதியான தொழிலொன்று பிறந்தது. 1968இன் சீர்திருத்த இயக்கத்தை ஆதரித்தமைக்காக விக்டெர்லே தாம் நிறுவிய ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளர் பதவியையும் இழந்தார்.

இவ்வரலாறு இருபுறமும் வெட்டும் வாள். இலாப வேட்கை இன்றேல் கண்டுபிடிப்பு இல்லை என்போரின் வாதத்தை அது முறியடிக்கின்றது. பொதுப்பணத்தில் இயங்கிய ஆய்வும், அது நின்றபோது ஒரு மனிதரின் பிடிவாதமுமே அப்பொருளைத் தந்தன. அதேவேளை, அரசின் கையிலிருப்பதெல்லாம் மக்களின் கையிலிருக்கின்றது என நம்புவோருக்கும் அது பாடம் புகட்டுகின்றது. கண்டுபிடிப்பாளரை விலக்கியது அரசு. ஆய்வை நிறுத்தியது அரசு. உரிமத்தைக் கடல்கடத்தி விற்றதும் அரசின் கழகமே.

3

பொருளின் பிறப்பு இவ்வாறாக, அதன் விலை எவ்வாறு பிறக்கின்றது? விக்டெர்லேயின் ஜெல்லுக்கு நெருங்கிய உறவான ஐதரோஜெல்லினாற் செய்யப்பட்ட உட்பதியம் ஒன்று உண்டு. மேற்கையின் தோலின் கீழ் வைக்கப்படும் அச்சிறு குழாயினுள் ஹிஸ்ட்ரெலின் என்னும் மருந்து 50 மில்லிகிராம் அடைக்கப்பட்டிருக்கும். ஓராண்டு முழுவதும் நாளாந்தம் மைக்கிரோகிராம் கணக்கில் அது வெளிப்படும். அமெரிக்காவில் 2004இல் முதியோரின் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஒரு பெயரிலும், 2007இல் மிக இளவயதிலேயே பூப்படையும் குழந்தைகளுக்கு வேறொரு பெயரிலும் இது அங்கீகரிக்கப்பட்டது. முதலாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மைக்கிரோகிராமை வெளிவிடும். இரண்டாவது 65 மைக்கிரோகிராமை வெளிவிடும். மருந்து ஒன்று, உள்ளடக்கிய அளவு ஒன்று, விற்ற கம்பனியும் ஒன்று. 2020இல் முதியோருக்குரியதன் பட்டியல் விலை ஏறத்தாழ 4,400 டொலர். குழந்தைகளுக்குரியதன் விலை ஏறத்தாழ 37,300 டொலர்.

நாளாந்தம் 15 மைக்கிரோகிராம் கூடுதலாகக் கசியும் ஜெல்லுக்கு எட்டு மடங்கிற்கும் மேற்பட்ட விலையை எந்த இரசாயனவியற் சமன்பாட்டால் விளக்குவது? ஹிகுச்சியின் சமன்பாடு இதற்கு உதவாது. குழந்தையின் பெற்றோர் பேரம் பேசார் என்ற சந்தைச் சமன்பாடே உதவும். ஒரே மருந்தின் மலிவான வடிவத்தைக் குழந்தைகளுக்கும் விதிக்கலாம் எனச் சில வைத்தியர்கள் கண்டனர், அவ்வழியும் நீடிக்கவில்லை. 2021இல் மலிவான வடிவத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இன்னுமோர் உதாரணம். நீரிழிவுக்குரிய மெற்போமின் புதிய மருந்தன்று. 1922இல் அது தொகுக்கப்பட்டது; 1957இல் ழான் ஸ்ரேர்ன் பிரான்சில் அதனை நோயாளிகளிற் பயன்படுத்தியமை பற்றி வெளியிட்டார். இன்று உலகின் மிக மலிவான மருந்துகளுள் அதுவும் ஒன்று. அதனை வயிற்றில் வீங்கித் தங்கும் பல்பகுதியத்தினுள் வைத்து மெதுவாக வெளிவிடும் குளிசையொன்று 2005இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நாளுக்கு ஒருமுறை விழுங்கினாற் போதும். வயிற்றுக் கோளாறும் குறைவு. பயனுள்ள முன்னேற்றமே. ஆயின் 2015இல் அக்குளிசையின் உரிமை வலியன்ட் என்னும் கம்பனியிடஞ் சென்றது. அவ்வாண்டிலேயே அதன் விலை எண்ணூறு சதவீதத்திற்கும் மேலாக உயர்த்தப்பட்டது. மருந்து மாறவில்லை, ஜெல் மாறவில்லை, புதிய பரிசோதனை எதுவும் நடைபெறவில்லை. உரிமையாளர் மட்டுமே மாறினார்.

மூன்றாவது உதாரணம் துயரமானது. ஒக்சிகொன்ரின் என்னும் அபினிவகை வலிநிவாரணி 1996இற் சந்தைக்கு வந்தபோது அதன் பெருமை முழுவதும் மெதுவான விடுவிப்பிலேயே கட்டப்பட்டிருந்தது. மருந்து தாமதமாக உறிஞ்சப்படுவதால் துர்ப்பிரயோகத்திற்கான வாய்ப்புக் குறையுமென நம்பப்படுவதாக அதன் அங்கீகரிக்கப்பட்ட விவரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 'நம்பப்படுகின்றது' என்பது மீண்டும் செயப்பாட்டுவினை. நம்பியவர் எவரென்பது கூறப்படவில்லை. குளிசையை நசுக்கினாற் கட்டுப்பாடு கலைந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குரிய மருந்து ஒரு கணத்திற் கிடைத்துவிடும் என்பதை அடிமைப்பட்டோர் விரைவிலேயே அறிந்துகொண்டனர். 2007இல் பேர்டியூ கம்பனியின் துணைநிறுவனமும் உயர் அலுவலர் மூவரும் இம்மருந்தைத் தவறான முறையில் அறிமுகஞ் செய்தமை தொடர்பில் நீதிமன்றிற் குற்றத்தை ஏற்றனர். 2010இல் நீர் பட்டதும் பிசுபிசுப்பான ஜெல்லாகும் பல்பகுதியத்துடன் குளிசை மாற்றியமைக்கப்பட்டது. நசுக்குவதும் ஊசியிலேற்றுவதும் கடினமாயின. இத்திருத்தத்திற்கு மருத்துவக் காரணம் உண்டு. ஆயின் அது வந்தது பதினான்கு ஆண்டுகள் கழித்து. பழைய வடிவத்தின் காப்புரிமை காலாவதியான 2013 ஏப்ரில் 16ஆம் நாளிலேயே, பழைய வடிவத்தைப் பின்பற்றும் மலிவான மருந்துகளை ஏற்பதில்லையென உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. நோயாளியைக் காக்கவென வந்த ஜெல் கம்பனியின் ஏகபோகத்தையும் சேர்த்தே காத்தது.

4

இவ்விடத்து இரண்டு மறுப்புகள் எழுப்பப்படுவதுண்டு. அவற்றை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும்.

முதலாவது மறுப்பு: புதிய மருந்து வடிவமொன்றைப் பரிசோதித்து நிறுவப் பெரும் பணம் செலவாகும், அப்பணத்தைத் திரும்பப்பெறும் உறுதி இல்லையேல் எவரும் முயலார். செலவு உண்டென்பது உண்மை. ஆயின் மேலே காட்டிய விலையுயர்வுகள் செலவுக்குப் பின் எழுந்தவையல்ல. உரிமை கைமாறியதன் பின்னரும், போட்டி இல்லாத இடத்திலும் எழுந்தவை. செலவு விலையை விளக்குமாயின், செலவு செய்யாதவர் கையில் விலை எண்ணூறு சதவீதம் ஏறுவதை எது விளக்கும்?

இரண்டாவது மறுப்பு இடதுசாரிச் சிந்தனையுடையோரிடமிருந்து வருவது. ஆகையால் கூடிய கவனத்திற்குரியது. பரசிற்றமோலுக்கே தட்டுப்பாடு நிலவும் நாடுகளுக்கு ஐதரோஜெல் ஏன்? அது செல்வர் நாடுகளின் ஆடம்பரம். வறிய நாட்டின் பல்கலைக்கழகங்கள் அதனை ஆராய்வது மேலைநாட்டு நாகரிகத்தின் பின்னால் ஓடுவதே என்பது அவர்தம் வாதம். தீவிரமாக ஒலிக்கும் இவ்வாதம் உண்மையிற் சரணாகதியே. விலையைக் கம்பனி நிர்ணயித்தது. அவ்விலையைப் பொருளின் இயல்பென இவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். ஐதரோஜெல் இயல்பிலேயே விலையுயர்ந்தது அன்று. கபிலநிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் சோடியம் அல்ஜினேற்றின் துளியொன்று கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் விழுந்தவுடன் உருண்டையான ஜெல்மணியாகிவிடும். பாடசாலை ஆய்வுகூடத்திலும் இதனைச் செய்து காட்டலாம். இறால், நண்டு ஆகியவற்றின் கோதுகளிலிருந்து கைற்றோசான் பெறப்படுகின்றது. இவற்றுக்கான மூலப்பொருள்கள் இலங்கையின் வடகடலுக்குப் புதியனவல்ல. கோதுக் குவியலுக்கும் நோயாளியின் உடலிற் செலுத்தத்தக்க தூய பொருளுக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அத்தூரத்தைக் கடப்பதற்கே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆடம்பரமென ஒதுக்கிவிட்டால் அத்தூரம் ஒருபோதும் குறையாது.

5

எனவே வேண்டுவது வழிபாடுமன்று, வெறுப்புமன்று. ஒவ்வொரு புதிய வடிவத்தையும் தனித்தனியே எடைபோடும் அளவுகோலே வேண்டும். அளவுகோலின் பயனை ஓர் உதாரணத்தாற் காட்டலாம்.

பிரசவத்தைத் தூண்டுவதற்காக டைனோபுரொஸ்டோன் என்னும் மருந்து 10 மில்லிகிராம் அடங்கிய ஐதரோஜெல் துண்டொன்று பயன்பாட்டிலுள்ளது. அது மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம் வீதம் மருந்தை வெளிவிடுகின்றது. அத்துண்டுடன் பின்னப்பட்ட நாடாவொன்று இணைக்கப்பட்டிருக்கும். கருப்பைச் சுருக்கம் அளவு மீறினால் நாடாவைப் பிடித்து இழுத்துத் துண்டை அகற்றிவிடலாம். மருந்தின் வரவு நின்றுவிடும். கட்டுப்பாடு என்னும் சொல்லுக்கு இந்நாடாவே உண்மையான விளக்கம். இங்கே கட்டுப்படுத்துபவர் யார் என்ற வினாவிற்கு மறைவில்லாத விடை கிடைக்கின்றது: கட்டிலருகே நிற்கும் மருத்துவமாது, தன் வேதனையை அவரிடஞ் சொல்லும் தாய்.

ஆயின் அளவுகோல் இத்துடன் நின்றுவிடலாகாது. அத்துண்டு உறைநிலைக்குக் கீழான குளிரிற் சேமிக்கப்படவேண்டியது, விலையும் குறைவன்று. இதே நோக்கத்திற்கு மிசோபுரொஸ்டோல் என்னும் மருந்தைச் சிற்றளவில் வாய்வழியே இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை கொடுக்கலாமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. அது மலிவானது, அறை வெப்பநிலையிலேயே இருக்கும், ஆனால் விழுங்கியதை மீளப்பெற முடியாது. மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் பெரிய வைத்தியசாலைக்கும், குளிர்ப்பெட்டி அடிக்கடி நிற்கும் தூரத்துப் பிரதேச வைத்தியசாலைக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதியது என்பதால் உயர்ந்தது என்றோ, மலிவானது என்பதால் மக்களுக்குரியது என்றோ முன்கூட்டித் தீர்ப்பளிப்பவர் இந்த எடைபோடலைத் தவிர்த்துவிடுகின்றார்.

6

இவ்வளவுகோல் இலங்கைக்கு இறக்குமதி செய்யப்பட வேண்டியதன்று, இங்கேயே உருவானது. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் நாட்டின் மருந்து முகாமைத்துவம் பற்றிய அறிக்கையைத் தயாரித்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. மருந்தைக் கம்பனி சூட்டிய பெயரால் வாங்காது மருந்தின் பொதுப்பெயரால் வாங்குதல். தேவை எதுவோ அதனை மட்டும் பட்டியலிடுதல். உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாகக் கொள்வனவு செய்தல் என்பன அவர் கொள்கையின் அடிப்படைகளாம். கம்பனிகளின் எதிர்ப்பும் அவற்றின் தாய்நாடுகளின் அழுத்தமும் உடனடியாகவே எழுந்தன. 1977 செப்டெம்பரில் கயானாவிற் பணியாற்றிக்கொண்டிருந்தபோது பிபிலே காலமானார். அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

பிபிலேயின் காலத்திற் பிரச்சினை வணிகப் பெயர்களாக இருந்தது. ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் விற்கப்பட்டது. இன்று அதே தந்திரம் பெயரினின்று வடிவத்திற்கு நகர்ந்துள்ளது. மருந்தின் காப்புரிமை முடியும் தறுவாயில் அதே மருந்து மெதுவாகக் கரையும் புதிய மேலங்கி அணிந்து, புதிய காப்புரிமையுடன் திரும்பி வருகின்றது. பொதுப்பெயரை மட்டும் கேட்டறியும் வைத்தியரும் அரசும் இதனைத் தடுக்கமுடியாது. மேலங்கி நோயாளிக்காகத் தைக்கப்பட்டதா, காப்புரிமைக்காகத் தைக்கப்பட்டதா எனக் கேட்டறிதல் வேண்டும். பழைய குளிசையுடன் ஒப்பிட்டுப் பரிசோதிக்கப்பட்டதா? நோயாளி பெறும் மேலதிக நன்மைக்கும் செலுத்தும் மேலதிக விலைக்கும் இடையே விகிதம் உண்டா? இங்குள்ள வெப்பத்திலும் களஞ்சியத்திலும் அது நிலைக்குமா? தீங்கு நேர்ந்தால் நிறுத்தும் வழி யாருடைய கையில் உள்ளது? இந்நான்கு வினாக்களுக்கும் பகிரங்கமாக விடை தரப்படும்வரை எந்தப் புதிய விடுவிப்பு முறையும் பொதுப்பணத்தில் வாங்கப்படலாகாது.

'பகிரங்கமாக' என்னும் சொல் காரணத்துடனேயே பயன்படுத்தப்பட்டது. 2015இன் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை நிறுவப்பட்டது. பிபிலேயின் கனவு நிறைவேறியதென அன்று பலர் மகிழ்ந்தனர். ஆயின் 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு விவகாரம் வெளிப்பட்டு, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரொருவர் கைது செய்யப்படுமளவிற்குச் சென்றது. பிராக் நகரின் வரலாறு கூறியதையே இதுவும் கூறுகின்றது. அரசின் கட்டுப்பாடு மக்களின் கட்டுப்பாடாக வேண்டுமாயின், கோப்புகள் திறந்திருக்க வேண்டும். அவற்றை வாசிக்கத் தெரிந்த மக்களும் இருக்க வேண்டும்.

7

கோப்புகளை வாசிக்கத் தெரிந்த மக்களை உருவாக்கும் பொறுப்பு விஞ்ஞான, மருத்துவ பீடங்களுக்கு மட்டும் உரியதன்று. 'இரசாயனம் கலைப்பீடத்தாருக்கு எதற்கு?' என வினவுவோர் உளர். ஜெல்லின் வலைக்கண்ணை அளப்பது அவர்களின் வேலையன்று என்பது உண்மையே. ஆயின் வாக்கியத்தில் மறைந்துள்ள வினைமுதலைத் தேடுவது அவர்களின் வேலை. பொருளியல் பயின்றவர் விலையின் காரணத்தையும், வரலாறு பயின்றவர் கண்டுபிடிப்பின் பாதையையும், மொழி பயின்றவர் 'நம்பப்படுகின்றது' என்னும் சொல்லின் சூழ்ச்சியையும் வெளிக்கொணரலாம். இவர்கள் ஒதுங்கிக்கொண்டால் மருந்து பற்றிப் பேசுவதற்கு விற்பனைப் பிரதிநிதியே எஞ்சுவார்.

விஞ்ஞான பீடங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பொதுப்பணத்தில் நிகழும் ஆய்வின் பயன் பொதுமக்களுக்குரியது. ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வெளியாவதோடு ஆய்வாளரின் பணி முடிவடைவதாகக் கொள்ளும் வழக்கம், விக்டெர்லேயின் உரிமத்தை விற்ற கழகத்தின் வழக்கத்திற்கு வெகுதூரத்தில் இல்லை. கண்டறிந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுதல், அதனை உற்பத்தியாக மாற்றும் பொறுப்பை அரசிடம் வற்புறுத்திக் கோருதல் ஆகியனவும் ஆய்வின் பகுதிகளே.

2022 மார்ச் மாதத்தில், பிபிலே கற்பித்த அதே பேராதனையின் போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டினால் வழமையான சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்களில் இலங்கை நோயாளர் அனைவரும் ஒருவகையான 'கட்டுப்படுத்தப்பட்ட விடுவிப்பை'யே அனுபவித்தனர். மருந்து துளித்துளியாக வந்தது. வேகத்தைத் தீர்மானித்தது டொலர். அந்தக் கட்டுப்பாட்டை எந்தப் பல்பகுதியமும் செய்யவில்லை. மனிதர் செய்த தீர்மானங்களே அதனைச் செய்தன. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். அதற்கு முதற்படியாக, மருந்தைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்திலும் மறைக்கப்பட்டுள்ள அந்த வினைமுதலைப் பெயர் சொல்லி அழைக்கத் தமிழ் எழுத்து துணிதல் வேண்டும்.